முந்நூற்று நாற்பது முழம்

வேலி விஷயத்தில் சிவக்கொழுந்தின் கண்ணில் மண் தூவ எவராலும் முடியாது. நீர்வேலி முழுக்க இது தெரிந்த சங்கதி. தெரியாமல் இருந்தவர் ஒரே ஒருவர், அவளுடைய வாழைத்தோட்டத்துக்கு அடுத்த காணிக்காரர் அருளம்பலம். அவருக்கும் 1921இல் தெரியவந்தது.

யாழ்ப்பாணத்தில் வேலியடைப்பு வருஷாவருஷம் நடக்கிற காரியம். இற்று உக்கிப்போன வேலிக் கதியாலைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கிளுவைத் தடியை நடும்போது காலால் ஒரு தட்டு, கையால் ஒரு நெம்பு. வேலி நாலு விரற்கிடை அடுத்தவன் காணிக்குள் அரக்கிவிடும். பத்து வருஷம் பொறுமையாக அரக்கினால் ஒரு வரிசை வாழை வைக்கலாம். அருளம்பலத்தார் நல்ல பொறுமைசாலி. சிவக்கொழுந்து அவர்மேல் வழக்குப் போட்டாள். வழக்கை விசாரித்த நீதிபதி காணியைப் பார்க்க நேரில் வந்தபோது, ஊர் ஆண்கள் காணி உறுதிப் பத்திரங்களை விரித்து வைத்துக்கொண்டு நிற்க, முப்பத்தைந்து வயதுச் சிவக்கொழுந்து மண்வெட்டியும் கையுமாக முன்னே போனாள்.

“ஐயா, என்னையும் நம்ப வேண்டாம், அவரையும் நம்ப வேண்டாம். இந்த மண்ணைப் பாருங்கோ. இதிலை பழைய கிளுவை வேர் உக்கிக் கிடக்குது. அங்காலை வருசா வருசம் கொத்திப் புரட்டின மண். இஞ்சாலை கொத்துப்படாத மண். வேலி நிண்ட இடம் இதுதான்.”

ஒன்றரை முழ அகலக் காணி அவளுக்குத் திரும்பி வந்தது. ஒன்றரை முழத்துக்கு இவ்வளவு ஆரவாரமா என்று சிரித்தவர்களும் உண்டு. அவர்கள் யாரும் தங்கள் வேலியில் ஒரு விரற்கிடையை விட்டுக்கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

அவளுடைய கணவன் முத்துக்குமாரு நேரெதிரான ஆள். அரசாங்க நில அளவைக்காரருக்குச் சங்கிலி பிடிக்கிற வேலை. இருபது வருஷம் வடக்கு முழுக்க வெயிலில் நின்று இரும்புச் சங்கிலியின் நுனியைப் பிடித்தவர். கோபம் வராது, அதிகம் கதைக்க மாட்டார். ஆனால் சங்கிலியில் ஒரு கண்ணியைக் கூட்டியோ குறைத்தோ சொல்லச் சொன்னால் சொந்தத் தகப்பனுக்கும் சொல்ல மாட்டார். அவளுக்கு அவரிடம் பிடித்த குணம் அதுதான், பிடிக்காத குணமும் அதுதான்.

1924இல் ஊரிலுள்ள வில்வடிச் சிவன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்தார்கள். கங்கை நீர் வேண்டும் என்றது கோயில் சபை. காசியில் அள்ளினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முத்துக்குமாரு லீவு போட்டுவிட்டுப் புறப்பட்டவர், காசியைத் தாண்டி, ரிஷிகேசத்தைத் தாண்டி, மலையில் இருபது நாள் நடந்து கங்கோத்திரிக்குப் போய், அதற்கும் அப்பால் கங்கை பனிக்கட்டிக்குள்ளிருந்து வெளியே வருகிற கோமுகம் வரை ஏறிவிட்டார். மூக்குத் தோல் உரிந்து, பாதி உடம்பாகத் திரும்பி வந்தவர் கையில் ஈயத்தால் வாயடைத்த செம்பு இருந்தது.

“ஐஸின்ரை வாயிலை அள்ளினது,” என்றார் சபையில். “ஐஸுக்குக் கை எட்டுற தூரத்திலை ஒரு பாறை நிக்குது. அதிலை ஒரு கோடும் அம்புக்குறியும் வருசமும் வெட்டிப்போட்டு வந்தனான். ஆரும் போனால் பாருங்கோ.”

அவர் வாழ்நாளில் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். கோயில் உள்வீதியில் ஒரு கல் நாட்டினார்கள். கோமுகத்திலிருந்து கங்கை கொணர்ந்தவர் முத்துக்குமாரு என்று அதில் பொறித்தார்கள். 1932இல் அவர் காய்ச்சலில் போனபோது, பிள்ளை குட்டி இல்லாத சிவக்கொழுந்துக்கு மிஞ்சியது வாழைத்தோட்டமும் அந்தக் கல்லில் இருந்த பெயரும்தான். வெள்ளிக்கிழமைகளில் சாமி கும்பிட்ட பிறகு அந்தக் கல்லின் முன்னால் ஒரு நிமிஷம் நிற்பாள். அதை யாரும் கேலி செய்ததில்லை, அவளுடைய வாய்க்குப் பயந்துதான்.

1937இல் கோயில் மனேச்சர் பொன்னம்பலம் வடநாட்டு யாத்திரை போனார். பணிவு என்பது மற்றவர்களுக்கு உரியது என்று நினைக்கிற மனிதர். தானும் வருவதாகக் கேட்ட விதவைத் தமக்கை தங்கமுத்துவை, “பெண்டுகள் ஏறுற மலையில்லை அக்கா” என்று வீட்டில் விட்டுவிட்டுப் போனார். கோமுகம் வரை போனதும் உண்மை. திரும்பி வந்ததும் சபையைக் கூட்டினார்.

“ஐஸைத் தொட்டுக்கொண்டு நிக்கிற பாறையிலை, கூலிக்கு ஆள் பிடிச்சு என்ரை பேரை வெட்டிப்போட்டு வந்திருக்கிறன்,” என்று தொடங்கினார். “முத்துக்குமாருவின்ரை அம்புக்குறியையும் கண்டனான். எங்கை கண்டனான் தெரியுமோ? ஐஸுக்கு முந்நூறு முழம் கீழை. மனிசன் மேலை ஏறப் பஞ்சிப்பட்டு, சோம்பலிலை வழியிலை குந்தியிருந்து கோட்டை வெட்டிப்போட்டு, ஓடிற ஆத்திலை செம்பை நிரப்பிக்கொண்டு வந்து எங்களுக்குக் கதை விட்டிருக்கிறார். அந்தத் தண்ணியைத்தானே நாங்கள் கும்பத்திலை வாத்தனாங்கள்!”

பெண்கள் பக்கத்திலிருந்து சிவக்கொழுந்து எழுந்தாள். முதலில் அவளுக்குத் தோன்றியது வேலிக்காரப் புத்தி.

“கல்லை ஆரோ அரக்கியிருப்பினம்.”

சபை கொல்லென்று சிரித்தது. “தேர் அளவு பாறை, பிள்ளை,” என்றார் மனேச்சர். “அங்கை உனக்கு அயல் காணிக்காரன் ஒருத்தனும் இல்லை.”

“அப்ப ஐஸ் அரக்கியிருக்கும்.”

இரண்டாவது சிரிப்பு முதலாவதைவிடப் பெரிதாக இருந்தது. சிவனுடைய மலை நகருமா? உலகம் உண்டான நாள் முதல் நிற்கிற பனியாம், பன்னிரண்டு, பதின்மூன்று வருஷத்தில் முந்நூறு முழம் நடந்ததாம், ஒரு சங்கிலிக்காரனின் பெண்சாதி சொல்கிறாள். கல்லிலிருந்து பெயரைக் கொத்தி எடுப்பது என்று பேச்சு எழுந்தது.

அவள் போய்க் கல்லின் முன்னால் நின்றுகொண்டாள்.

“உளி பட்டால் உளி பிடிச்சவனை நீதிமன்றம் ஏத்துவன். அருளம்பலத்தாரைக் கேளுங்கோ, நான் ஏத்துவனோ இல்லையோ எண்டு. என்ரை மனிசன் ஒரு கண்ணி பொய் சொன்னவரில்லை, முந்நூறு முழம் பொய் சொல்லுவாரோ? நான் போய்ப் பாத்துக்கொண்டு வாறன். அதுமட்டும் பேர் இருக்கட்டும்.”

“நீயோ?” என்றார் பொன்னம்பலம்.

“ஓம், நான்தான்.”

அருளம்பலத்தார் தலையைக் குனிந்துகொண்டார். வழக்குக்குப் பயந்து சபை தவணை கொடுத்தது. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை அவள் போனபோது கல்லின் எழுத்துகள் மேல் தடிப்பாகச் சுண்ணாம்பு பூசியிருந்தது. மனேச்சர் தம் கையாலேயே பூசினார் என்று பூக்காரி சொன்னாள். சிவக்கொழுந்து வீட்டுக்கு வந்து கிணற்றடியில் இருந்து வாய்விட்டு அழுதாள். கணவன் செத்தபோது அழுததைவிட அதிகம் அழுதாள் என்று சொன்னால் அது மிகை இல்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கயிறு திரிக்கத் தொடங்கினாள்.

ஐம்பது முழத் தென்னந்தும்புக் கயிறு. முழத்துக்கு ஒரு முடிச்சு. 1939 பங்குனியில் அதைக் கொண்டுபோய் மனேச்சர் முன்னால் போட்டாள்.

“முழம் பிழை எண்டு பேந்து ஒருத்தரும் கதைக்கக்கூடாது. உங்கடை கையாலை அளந்து பாருங்கோ.”

அவர் சிரித்துக்கொண்டே, சபையார் பார்க்க, முழங்கை முதல் விரல்நுனி வரை வைத்து ஐம்பதையும் அளந்தார். இரண்டு முடிச்சைத் தம் கைக்கு ஏற்ற மாதிரி நகர்த்தியும் கட்டினார். அந்தச் சிரிப்பு முடியுமுன் பின்னாலிருந்து தங்கமுத்துவின் குரல் வந்தது.

“சிவக்கொழுந்து, நானும் வாறன். கங்கையிலை முழுகாமல் சாக நான் ஆயத்தமில்லை.”

தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் ரயிலேறி, ஒரு வாரம் கரியும் புகையுமாகப் போனார்கள் இரண்டு பெண்களும். அதற்குப் பிறகு நடை. தங்கமுத்து வழி முழுக்க முறைப்பாடு. சோறு சரியில்லை, குளிர் சரியில்லை, தம்பி சரியில்லை, இந்த மலையை இப்படிக் கோணலாக வைத்த கடவுளும் சரியில்லை. ஆனால் ஒரு நாளும் நடக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. கங்கோத்திரியில் இருபது வருஷமாக இருக்கும் தமிழ்ச் சந்நியாசி ஒருவர் அகப்பட்டார். கோமுகத்துக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார். ஆனி மாதம், மனேச்சர் போன அதே மாதம்.

சிவக்கொழுந்து பனிக்கட்டியை வாழ்நாளில் ஒரே தடவை, யாழ்ப்பாணப் பெரியகடைச் சர்பத்துக் கடையில் மரத்தூளுக்குள் பார்த்திருக்கிறாள். வெள்ளை வெளேரென்ற மலையை எதிர்பார்த்துப் போனவளுக்கு முன்னால் நின்றது அழுக்குச் சுவர். பனைமரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தின உயரம், முதுகு முழுக்கக் கல்லும் மண்ணும். அடியில் ஒரு குகை. அதற்குள்ளிருந்து அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வெளுப்பாகக் கங்கை கொட்டிக்கொண்டு வந்தது. தங்கமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள். சிவக்கொழுந்து கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்கியதும் நிலத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

அம்புக்குறி கீழே நின்ற பாறையில் இருந்தது. கோடு, அம்பு, 1924. கணவனின் கை வேலை என்பது அவளுக்குத் தடவிப் பார்க்கவே தெரிந்தது. வீட்டுக் கிணற்றுக்கட்டிலும் அவர் அப்படித்தான் வெட்டியிருந்தார். மனேச்சர் சொன்னது பொய் இல்லை, பாறைக்கும் பனிக்கும் நடுவே நீண்ட வெறும் நிலம் கிடந்தது. ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்தது. மனிசன் உண்மையிலேயே இங்கே குந்திவிட்டாரோ?

அந்த எண்ணம் வந்ததற்காகத் தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. குனிந்தாள். அருளம்பலத்தாரின் வேலியடியில் குனிந்த அதே குனிவு.

அம்புக்குறிப் பாறைக்குச் சற்றுக் கீழே, பள்ளத்தாக்குக்குக் குறுக்கே, கல்லும் சரளையும் வயல் வரம்பு மாதிரி வளைந்து குவிந்து கிடந்தது. வரம்புக்கு அங்காலே கற்களில் கறுப்பும் மஞ்சளுமாகப் பாசி ஒட்டியிருந்தது, இடுக்குகளில் புல் இருந்தது, குட்டைச் செடிகள் இருந்தன. இஞ்சாலே, பனிப் பக்கம், ஒரு புல் இல்லை. பாசி ஒரு பொட்டுக்கூட இல்லை. அங்கே கிடந்த பாறைகள் புதிதாகக் கொத்தின அம்மி மாதிரி வெளுத்து, மேலிருந்து கீழாக ஒரே திக்கில் கீறல் விழுந்து கிடந்தன. இரும்புப் பெட்டகத்தைச் சீமெந்து நிலத்தில் இழுத்தால் விழுகிற கீறல். ஏதோ மகா பாரமான ஒன்று இந்த நிலத்தின்மேல் இருந்திருக்கிறது. இருந்து, கல்லை அரைத்து, இழுத்து, விளிம்பில் வரம்பாகக் குவித்துவிட்டு, இப்போது எழுந்து போயிருக்கிறது.

“சாமி, இந்த ஐஸ் நகருமோ?”

“நகரும் அம்மா. மேலே விழுகிற பனி இறுகி, தன் பாரத்தாலேயே கீழே வழிகிறது. ஆறு மாதிரித்தான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத வேகம். மலையைக் குடைந்து இந்தப் பள்ளத்தாக்கை உண்டாக்கினதே அதுதான். தண்ணீர் வெளுப்பாக இருக்கிறதே, அது அரைத்த கல்லின் மா.”

“கீழை வழியிறதெண்டால் ஏன் சாமி மேலை போகுது?”

“வழிகிறதைவிட விரைவாக நுனி கரைகிறது. நான் வந்த புதிதில் வைகாசியிலும் என் குடிசை வாசலில் பனி கிடக்கும். இப்போது சித்திரையிலேயே தரை தெரிகிறது. விழுகிறது குறைவு, வெயில் அதிகம். கிழவர்களைக் கேட்டால், அவர்கள் பாட்டன் காலத்தில் இது இன்னும் எவ்வளவோ கீழே இருந்தது என்கிறார்கள்.”

சிவக்கொழுந்து தலையாட்டினாள். மாரி பொய்த்த வருஷத்தில் இறைப்பையும் கூட்டினால் நீர்வேலிக் கிணறுகளில் தண்ணீர் எவ்வளவு கீழே போகும் என்பது அவளுக்குப் பாடம். கிணற்றில் தண்ணீர் கீழே இறங்கும், இங்கே பனி மேலே ஏறுகிறது. கணக்கு ஒன்றுதான்.

“அக்கா, அழுதது போதும், இந்த நுனியைப் பிடியுங்கோ.”

தங்கமுத்து அம்புக்குறியில் கயிற்றின் நுனியைப் பிடித்தாள். ஐம்பது, நூறு, நூற்றைம்பது. கல்லில் தடுக்கி, மூச்சு வாங்கி, இருந்து எழும்பி அளந்தார்கள். ஆறாவது ஐம்பது முடிய இரண்டு முழம் இருக்கையில் முன்னால் போன சிவக்கொழுந்து அப்படியே நின்றுவிட்டாள். எதிரே பெரிய பாறையில், ஒரு சாண் எழுத்தில் பொன்னம்பலம் 1937 என்று இருந்தது.

அவள் பாறையைப் பார்த்தாள். பனிச்சுவரைப் பார்த்தாள். பாறைக்கும் சுவருக்கும் நடுவே ஆறு ஓடிக்கொண்டிருந்தது, கரையோரம் வெறும் கல் கிடந்தது. பிறகு அந்தக் குளிரில், மூச்சுக்குத் தவிக்கிற அந்த உயரத்தில், நீர்வேலிச் சிவக்கொழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்ன ஏதென்று ஓடிவந்த தங்கமுத்து தம்பியின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தாள். வாசித்துவிட்டு அவளும் அந்தப் பாறைமேலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

ஆவணியில் ஊர் திரும்பினார்கள். கோயிலில் சபை கூடியது. இந்தத் தடவை பெண்கள் பக்கம்தான் நிரம்பியிருந்தது.

சிவக்கொழுந்து கயிற்றை நிலத்தில் போட்டாள்.

“மனேச்சர், இது உங்கடை கையாலை அளந்த முழம்தானே?”

“ஓம்.”

“என்ரை மனிசன்ரை கோட்டிலையிருந்து உங்கடை பேர் வெட்டின பாறை மட்டும் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு முழம். நீங்கள் கண்மதிப்பிலை முந்நூறு எண்டனீங்கள். நல்ல கண்.”

பொன்னம்பலம் சபையைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டியளோ? தன்ரை வாயாலையே சொல்லுறாள்.”

“இன்னும் முடியேல்லை. உங்கடை பேரிலையிருந்து ஐஸ் மட்டும் நாற்பத்திரண்டு முழம். எல்லாமாய் முந்நூற்று நாற்பது.”

சபையில் யாரோ செருமினார்கள். மனேச்சருக்கு உடனே விளங்கவில்லை.

“என்ன நாற்பத்திரண்டு?”

“நீங்கள் ஐஸைத் தொட்டுக்கொண்டு நிண்ட பாறையிலை எல்லோ பேர் வெட்டினனீங்கள்? இப்ப அதிலை நிண்டு கையை நீட்டினால் காத்துத்தான் படும். ரண்டு வருசத்திலை நாற்பத்திரண்டு முழம். சிவன்ரை மலை நகராது எண்டால், நீங்களும் வழியிலை பஞ்சிப்பட்டுக் குந்தின ஆள். நகரும் எண்டால், என்ரை மனிசன் சொன்னது சத்தியம். உங்களுக்கு எது விருப்பமோ அதைச் சொல்லுங்கோ, எனக்கு ரண்டும் சரி.”

“பொய்!” என்று எழுந்தார் பொன்னம்பலம். “இவள் போனதுக்கு ஆர் சாட்சி? அளந்ததுக்கு ஆர் சாட்சி?”

“இரடா,” என்றாள் தங்கமுத்து. அவள் எழுந்துகூட நிற்கவில்லை. “கயித்தின்ரை மற்ற நுனி பிடிச்சது நான். உன்ரை பேரிலை ஏறிக் குந்தியிருந்து களைப்பாறினதும் நான். பெண்டுகள் ஏறுற மலையில்லை எண்டு சொன்னனீ. நான் ஏறி, நீ நிண்ட இடத்துக்கு மேலையும் நாற்பத்திரண்டு முழம் போனனான். என்னையும் பொய்க்காரி எண்டு சொல்லன், கேப்பம்.”

தமக்கையைப் பொய்க்காரி என்று சொல்லப் பொன்னம்பலத்துக்கு வாய் வரவில்லை. தன்னைச் சொல்லவும் வரவில்லை. கடைசியில், “சரி, ஐஸ்தான் போயிருக்கும்,” என்றார், பல்லுப் பிடுங்கக் கொடுத்தவர் மாதிரி. “சுண்ணாம்பைக் கழுவிவிட ஆளனுப்பிறன்.”

“ஆள் வேண்டாம்,” என்றாள் சிவக்கொழுந்து. “பூசினவர் கழுவட்டும்.”

தங்கமுத்து எழுந்து போய் ஒரு வாளி தண்ணீரும் தேய்க்கத் தேங்காய்ப் பொச்சுமட்டையும் கொண்டுவந்து தம்பியின் காலடியில் வைத்தாள். மனேச்சர் சால்வையைக் கழற்றி இடுப்பில் கட்டினார். இரண்டு வருஷச் சுண்ணாம்பு இலேசில் போகவில்லை, தேய்த்துத் தேய்த்து அவருக்கு வியர்த்துக் கொட்டியது. முதலில் கோமுகம் வந்தது, பிறகு கங்கை வந்தது, பிறகு கொணர்ந்தவர் வந்தது, கடைசியில் முத்துக்குமாரு. சிவக்கொழுந்து பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு எழுத்தாக வருவதைப் பார்த்தாள். கண்ணீர் ஓடியது, அவள் அதைத் துடைக்கவில்லை.

எழுந்த பொன்னம்பலம் நொந்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார். சும்மா இருந்திருக்கலாம், ஆனால் அவருடைய குணம் அது.

“நீயும் அங்கை உன்ரை பேரை வெட்டிப்போட்டுத்தானே வந்திருப்பாய்?”

“இல்லை. ஐஸுக்குக் கிட்ட ஒரு கோடும் வருசமும்தான் வெட்டினனான்,” என்றாள் சிவக்கொழுந்து. “பேர் போட்டால், அடுத்தமுறை போறவர் வந்து என்னையும் கள்ளி எண்டுவார்.”